வங்கி பிடித்த காசைத் திரும்ப வாங்குவது எப்படி? சேலம், ஏற்காடு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மினிமம் பேலன்ஸ் அபராதம், ஏடிஎம் கட்டணம், சொல்லாமல் எடுத்த இன்சூரன்ஸ் பிரீமியம் என்று கணக்கிலிருந்து போன பணத்தைப் பற்றி நம் மாவட்டத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது, வக்கீல் வைக்காமல் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறவர்களுக்குக் கூடமாட உதவி வருகிறேன்.

நாகலூர், ஏற்காடு: அம்மாவுக்கு எஸ்டேட்டில் கூலி வேலை. நூறு நாள் வேலைச் சம்பளமும் அதே கணக்கில்தான் விழுகிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் அங்கங்கே 118 ரூபாய், 177 ரூபாய் என்று போயிருக்கிறது. கேட்டால் "சிஸ்டம் தானா பிடிக்குதும்மா" என்கிறார்கள். இதைத் திரும்ப வாங்க முடியுமா, சார்?

முடியும், பாப்பா. முதலில் அந்த எண்ணைக் கவனியுங்கள். 118 என்றால் 100 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 177 என்றால் 150-ம் வரியும். பாஸ்புக்கில் இப்படி 18 சதவீதம் ஒட்டிக்கொண்டு ஒரு தொகை வந்தால், அது பெரும்பாலும் வங்கி போட்ட கட்டணமாகத்தான் இருக்கும். பக்கத்தில் சுருக்கெழுத்தில் ஏதோ அச்சாகியிருக்கும், புரியாது. அந்த மாதங்களுக்கான ஸ்டேட்மெண்டை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் என்ன பெயர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மினிமம் பேலன்ஸ் அபராதம் என்று பதில் வந்தால், ரிசர்வ் வங்கியின் 2014 நவம்பர் 20 சுற்றறிக்கை உங்கள் பக்கம் பேசும். 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் இவற்றில் ஏதாவது ஒன்றில் தகவல் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அபராதமும் குறைந்த தொகையைப் பொறுத்துத்தான் வர வேண்டும். ஆயிரம் வைக்க வேண்டிய இடத்தில் எண்ணூறு வைத்தவரும், ஒன்றுமே வைக்காதவரும் ஒரே தொகை கட்டக் கூடாது. அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகவும் கூடாது.

ஆகவே கிளைக்குப் போய் "ஏன் பிடித்தீர்கள்" என்று சண்டை போடாதீர்கள். விதி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "எந்தத் தேதியில், எந்த நம்பருக்குத் தகவல் சொன்னீர்கள்? காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். மலைக் கிராமங்களில் பாதிப் பேருடைய கணக்கில் பழைய நம்பர்தான் இருக்கிறது, அல்லது நம்பரே இல்லை. தகவல் போனதற்குச் சான்று இல்லையென்றால், பிடித்த காசைத் திருப்பித் தருவதைத் தவிர வங்கிக்கு வேறு நல்ல பதில் கிடையாது.

இன்னொன்றையும் கையோடு முடித்துவிடுங்கள். அம்மாவின் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி ஒரு விண்ணப்பம் கொடுங்கள். அதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. ஏடிஎம் கார்டும் இலவசம். 2025-ல் பல அரசு வங்கிகள் சாதாரண சேமிப்புக் கணக்குக்கே இந்த அபராதத்தைக் கைவிட்டன. ஆனால் அதற்கு முன் பிடித்தது தானாகத் திரும்பி வராது, கேட்டால்தான் உண்டு. கூலிக்காரர் கணக்கில் 177 ரூபாய் சின்னத் தொகை இல்லை. "இதுக்குப் போயா" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குகை: நேராகக் கேஸ் போடலாமா? இல்லை, வேறு எங்காவது போக வேண்டுமா?

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை. இணையத்தில் ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சிஎம்எஸ்-லேயே பதியலாம், விவரம் கேட்க 14448-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் கெடு உண்டு, அதனால் வங்கியின் பதில் வந்ததும் தாமதிக்காமல் போங்கள்.

வரிசையில் கவனம் தேவை. ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும் அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் இரண்டையும் பயன்படுத்த நினைப்பவர்கள் ஓம்புட்ஸ்மேனை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே காத்திருப்பதற்காக ஆணையத்தின் கெடு நிற்காது. பணம் பிடித்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் மனு போட்டாக வேண்டும். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போடலாம், ஆனால் ஏற்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அம்மாபேட்டை: 900 ரூபாய்க்குக் கேஸ் போட்டால் வக்கீல் ஃபீஸே ஐயாயிரம் ஆகுமே, அண்ணா?

வக்கீல் கட்டாயமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களே ஆஜராகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. ஜெராக்ஸ், தபால், ஆணையத்துக்குப் போய்வரும் பஸ் காசு, இவ்வளவுதான் செலவு. இணையம் வழியாகவும் மனு போடலாம். முன்பு இ-தாகில் என்று இருந்தது, 2025 முதல் இ-ஜாக்ரிதி. வீடியோ வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் கேட்கலாம்.

ஆத்தூர்: என் கணக்கு பெங்களூரு கிளையில். அங்கே போய்த்தான் வழக்குப் போடணுமா?

வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 சொல்கிறது. சேலம் மாவட்ட ஆணையமே போதும்.

சிவதாபுரம்: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கரண்ட் அக்கவுண்ட்டில் என்னென்னவோ பிடிக்கிறார்கள். வியாபாரக் கணக்கு என்றால் நுகர்வோர் இல்லை என்கிறார்களே?

இதில்தான் பல நல்ல வழக்குகள் அடிபட்டுப் போகின்றன. வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. பெரிய ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) வாங்கித் தொழில் செய்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு பங்குத் தரகர் வழக்கில் சொன்னது. ஆனால் அதே சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துகிறவருக்கு விலக்கு இருக்கிறது. நீங்களும் வீட்டாரும் உட்கார்ந்து பற்றவைத்து மெருகேற்றுகிற பட்டறை என்றால், மனுவின் இரண்டாவது பத்தியிலேயே அதை எழுதுங்கள்: "இத்தொழிலை நானே செய்து, அதன் வருமானத்தைக் கொண்டே குடும்பம் நடத்துகிறேன்." எதிர்த்தரப்பு ஆட்சேபம் சொன்ன பிறகு இதை நுழைக்கப் பார்த்தால் எடுபடாது. இருபது ஆள் வைத்து நடத்தும் பட்டறை என்றால் ஆணையத்தை நம்ப வேண்டாம், ஓம்புட்ஸ்மேனே மேல். அங்கே இந்த நுகர்வோர் கேள்வி எழாது.

அழகாபுரம்: மனுவில் என்ன எழுத வேண்டும்? மாதிரி இருந்தால் கொடுங்கள்.

மாதிரியைப் பார்த்து எழுதினால் உங்கள் வழக்கு அதற்குள் தொலைந்துபோகும். உங்கள் பாஸ்புக்கை வைத்து எழுதுங்கள்.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள்: தேதி, பிடித்த தொகை, வங்கி சொன்ன பெயர், அந்த நாளில் கணக்கில் இருந்த பணம். நான் பார்த்த மனுக்களில் நீதிபதி முதலில் திருப்பியது இந்தப் பக்கத்தைத்தான். பிறகு கதையைத் தேதி வரிசையில் சொல்லுங்கள். கணக்கு எப்போது தொடங்கியது, எப்போது பிடித்தார்கள், எப்போது புகார் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. பக்கம் பக்கமாகக் கோபத்தைக் கொட்ட வேண்டாம். எதிர்த்தரப்பாக மேனேஜரின் பெயரைப் போடாதீர்கள், அவர் நாளை மாற்றலாகிப் போவார். "கிளை மேலாளர்" என்று பதவியையும், கூடவே தலைமை அலுவலகத்தையும் சேருங்கள்.

அடுத்து, எது தவறு என்பதை ஒரே பத்தியில் தெளிவாகச் சொல்லுங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் பிடித்தது சேவைக் குறைபாடு, விதியை மீறி வசூலித்தது நியாயமற்ற வணிக நடைமுறை. வேண்டுவது என்ற இடத்தில் பிடித்த தொகை, அதன் ஜிஎஸ்டி, பிடித்த நாளிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. 900 ரூபாய் போனதற்கு ஐந்து லட்சம் இழப்பீடு கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்ட நிமிடமே வழக்கின் மரியாதை போய்விடும். அலைந்த அலைச்சலுக்கு ஏற்ற தொகையைக் கேளுங்கள்.

கடைசியில் பிரமாணப் பத்திரம், எண்ணிட்ட ஆவணப் பட்டியல். இந்த வழக்குகள் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணத்தையும் வைத்தே முடிகின்றன. கூண்டில் ஏறிப் பேச வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். நோட்டீஸ் போன பிறகு வங்கிக்குப் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தத் தேதியை நீங்களும் குறித்து வையுங்கள்.

ஏற்காடு ஏரி பக்கம் கடை வைத்திருப்பவர்: சீசன் நேரத்தில் ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. இதற்கு ஏதாவது உண்டா?

உண்டு. கழிந்த பணத்தை ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், நீங்கள் கேட்காமலே தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை இது. உங்களுக்கு ஏழு நாள் கணக்கு, 700 ரூபாய் வர வேண்டும். அதோடு, மிஷினில் பணம் இல்லாமலோ கோளாறாலோ தோற்றுப்போன முயற்சியை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. நம் ஊர் மெட்ரோ இல்லை, அதனால் மற்ற வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து தடவை இலவசம். மூன்றோடு நிறுத்திக் கட்டணம் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

ஓமலூர்: மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போகிறது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

436 பிரதமர் ஆயுள் காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு. இரண்டும் அந்த விலைக்கு நல்ல திட்டங்கள், தலைக்கு இரண்டு லட்சம். வேண்டுமா என்று முதலில் வீட்டில் யோசியுங்கள். வேண்டாமென்றால் ஆட்டோ டெபிட்டை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். உங்கள் சம்மதப் படிவத்தின் நகலையும் கேளுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

ஸ்டீல் பிளாண்ட் ஊழியர்: வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தேன். அதற்கு ஒரு சார்ஜ் போட்டார்கள். பத்திரமும் இரண்டு மாதம் கழித்துத்தான் தந்தார்கள்.

உங்கள் கடன் மாறும் வட்டிக் கடனா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆம் என்றால், தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் 2012-லேயே தடை செய்யப்பட்டது. முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். பத்திரம் தருவதற்கு 30 நாள் கெடு. வங்கியின் தாமதத்தால் அது தாண்டினால் நாளுக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு பத்திரம் வர வேண்டியிருந்தவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வருகிறது, இதை விட்டுவிடாதீர்கள். பட்டறை, தறி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த மாறும் வட்டித் தொழில் கடனுக்கும், தனிநபர், சிறு தொழில் என்றால், பெரும்பாலான வணிக வங்கிகள் இந்தக் கட்டணம் போட முடியாது.

கல்லூரி மாணவி, சேலம்: இரண்டு வருடத்துக்கு மேல் தொடாத கணக்கில் அபராதம் பிடிக்கலாமா?

கூடாது. செயலற்ற கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் 2024 ஏப்ரல் 1 முதல் தடை. மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் இல்லை.

ஃபேர்லாண்ட்ஸ்: மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். அங்கே வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடித்துவிட்டது. அங்கே சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறதாமே?

இருக்கிறது, அம்மா. இங்கிலாந்தில் பொதுவாகப் பத்தாயிரம் பவுண்டு வரை அந்த வழியில் போகலாம். 2006, 2007 வாக்கில் ஆயிரக்கணக்கான பேர் இப்படிக் கட்டணத்தைத் திரும்ப வாங்கினார்கள். வங்கிகளும் வழக்காடாமல் கொடுத்து அனுப்பின. 2009 நவம்பர் 25-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டணத்தின் அளவு நியாயமா என்று அன்றைய ஒப்பந்த விதியின் கீழ் சோதிக்க முடியாது என்று சொல்லியதோடு அந்த வாசல் சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் நிலையான ஓவர்டிராஃப்ட் கட்டணமே அங்கே தடை, வட்டி மட்டும்தான். தம்பி முதலில் வங்கியில் புகார் கொடுக்கட்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் அங்கேயும் ஓம்புட்ஸ்மேன் உண்டு, இலவசம். வங்கியின் இறுதிப் பதில் வந்தால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பணக்கஷ்டத்தில் இருந்தால் அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அங்கே கட்டணத்தின் நியாயத்தில் வழக்கு நின்றுபோனது. இங்கே, வங்கி நம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிடித்ததா என்று கேட்கிறோம், அதற்கு ரிசர்வ் வங்கி விதியே சாட்சி. அதனால்தான் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கொண்டலாம்பட்டி: ஆணைய நோட்டீஸ் போனதும் வங்கியிலிருந்து போன் செய்து, "பணத்தைப் போட்டுடறோம், வாபஸ் வாங்கிக்குங்க" என்கிறார்கள்.

நல்ல செய்திதான், ஆனால் அவசரப்படாதீர்கள். எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் வரவானதைப் பாஸ்புக்கில் பார்த்த பிறகே வாபஸ் மனுவில் கையெழுத்து. தபால் செலவு, போக்குவரத்துச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

மேட்டூர்: உத்தரவு எனக்குச் சாதகமாக வந்து மாதங்கள் ஆகிவிட்டன. வங்கி அசையவில்லை.

மேல்முறையீட்டுக்கு 45 நாள். அப்படிப் போவதானாலும் உத்தரவிட்ட தொகையில் பாதியை வங்கி கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். போகவில்லை, பணமும் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 71-ன் கீழ் சிவில் கோர்ட் தீர்ப்பைப் போலவே வசூலிக்கலாம். பிரிவு 72-ன் கீழ் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000-க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் சான்று நகலை இணைத்து, இந்த இரண்டு பிரிவையும் குறிப்பிட்டு, முதலில் தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவுக்கு ஒரு ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். பதினைந்து நாள் பாருங்கள். வரவில்லையென்றால் மனுவை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.