வெறும் பார்லி கணக்கு

அன்புள்ள அம்மா,

நான் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி மலருக்காக, பழங்காலத்தில் இன்றைய இராக்கின் தெற்கில் வாழ்ந்த சுமேரியர்களின் வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ரொம்ப ஆசையாகத்தான் தொடங்கினேன். உலகத்தில் முதன்முதலாக எழுதியவர்கள் என்னதான் எழுதியிருப்பார்கள் என்று தேடிப் போனால் ஏமாற்றமாக இருந்தது. பத்துக் களிமண் பலகையில் ஒன்பதில் வெறும் பார்லி கணக்கு, ஆட்டுக் கணக்கு, பீர் கணக்கு. எழுத்து என்ற அற்புதத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதைக் கணக்குப்பிள்ளை வேலைக்கா பயன்படுத்துவார்கள்? கில்காமேஷ் என்ற அரசனின் காவியமும் என்ஹெடுவன்னா என்ற பெண் கவிஞரின் பாடல்களும் இல்லாவிட்டால் சுமேரியாவில் படிக்க என்ன இருக்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர்களின் நகரத்துக்கு ‘ஊர்’ என்று பெயர், தாயை ‘அம’ என்றார்கள். சுமேரியர் தமிழரே என்று கட்டுரையை முடிக்கலாமா?

— எஸ்.

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுகிறேன். முடிக்கக் கூடாது. அந்த நகரத்தின் சுமேரியப் பெயர் உரிம். ‘உர்’ என்று தனியாகச் சொன்னால் அவர்கள் மொழியில் நாய் என்று பொருள். ‘அம’வை வைத்து உறவு கொண்டாடினால் உலகத்தில் பாதி மொழிகள் நமக்குச் சொந்தமாகிவிடும், குழந்தையின் உதடு மூடித் திறந்தாலே வருகிற ஒலி அது. சுமேரியத்துக்கு உறவு மொழி என்று எதையும் யாரும் இதுவரை நிறுவவில்லை. அந்தப் பக்கத்தோடு இந்தப் பக்கத்துக்கு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் மெலுஹா என்று அவர்கள் சொன்ன நாட்டைப் படியுங்கள். அது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மெலுஹா மொழிக்குத் துபாஷியாக இருந்த சு-இலிசு என்பவரின் முத்திரை பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழுக்கு உயரம் குறைவு என்று யார் சொன்னார்கள்? நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் பேச்சு நின்றுபோன ஒரு மொழியின் தோளில் அதை ஏன் தூக்கி உட்கார வைக்கிறீர்கள்? சரி, இது போதும்.

உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. வாய்க்கால் வெட்டுகிற பகுதியும், ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து நீளமான நாணல் குழல்களில் பீர் உறிஞ்சுகிற காட்சியும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆனால் ‘வெறும் பார்லி கணக்கு’ என்ற இடத்துக்கு வந்ததும் தாள்களை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அப்புறம் மூன்று வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதற்கும் முன்பே நினைத்துக்கொண்டிருந்த விஷயம்தான் அது. உங்கள் கடிதம் அதை வெளியே இழுத்துவிட்டது.

உருக் நகரத்தின் எயன்னா கோயில் வளாகத்தில் சுமார் ஐயாயிரம் பலகைகள், துண்டுகள் கிடைத்தன. கி.மு. 3300க்கு முன்பின்னாகத் தொடங்கி எழுதப்பட்டவை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது கணக்கு. மிச்சம், எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். ஒரு பாட்டு இல்லை, ஒரு சாமி கதை இல்லை, ராஜாவின் பெருமை இல்லை. இலக்கியம் என்று சொல்லத்தக்கது முதலில் தலைகாட்டுவது கி.மு. 2600 வாக்கில்தான். கூட்டிப் பாருங்கள். அறுநூறு எழுநூறு வருடம் எழுத்து பெரும்பாலும் கணக்கைத்தான் சுமந்தது. அது கவிதைக்காகக் காத்துக்கொண்டிருந்த காலம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

அந்த எழுத்தில் ஒரு குறியைப் பாருங்கள். ஒரு மனிதத் தலை, அதன் வாய்க்கு முன்னால் ஒரு கிண்ணம். ‘சாப்பிடு’, ‘படி அளந்தது’ என்று பொருள். அந்தக் கிண்ணமும் மண்ணுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறது. சரிந்த விளிம்போடு, அவசர அவசரமாக அச்சில் அமுக்கிச் செய்த, அழகே இல்லாத கிண்ணம். வேலை பார்த்தவர்களுக்கு அதில்தான் சாப்பாடு அளந்தார்கள் என்று பலரும் கருதுகிறார்கள். இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு பாக்கி என்பதை மனசில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஊர் பெருத்தபோதுதான் ஈர மண்ணில் கோடு விழுந்தது. பசியிலிருந்து வந்த எழுத்து, தம்பி. அதைக் கேவலமாகப் பேசலாமா?

சுமேரியர் அதைக் கேவலமாகப் பேசவில்லை. எழுத்துக்கு அவர்கள் வைத்திருந்த தெய்வம் நிசபா. நிசபா முதலில் தானியத்தின் தெய்வம். அவள் பெயரை எழுதுகிற குறியே தானியக் கதிரிலிருந்து வந்தது. களத்துமேட்டில் நெல்லளக்கிற இடத்தில் சரஸ்வதியை வைத்துக் கும்பிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உயர்த்திப் பிடிக்கிற சுமேரியப் பாடல்கள் பலவற்றின் கடைசி அடி என்ன தெரியுமா? ‘நிசபாவுக்குத் துதி.’ பாட்டை எழுதி முடித்தவன் கணக்குத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுதுகோலைக் கீழே வைத்தான்.

அவனுக்கு இரண்டும் ஒரே வேலை. நிப்பூர் நகரத்தில் 1951-52இல் தோண்டிய ஒரு சின்ன வீடு, ஆய்வாளர்கள் ‘எஃப் வீடு’ என்பார்கள், எழுத்துப் பள்ளியாக இருந்திருக்கிறது. மாணவர்களின் பலகைத் துண்டுகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. பழைய பலகையை ஊறவைத்துப் பிசைந்து மறுபடி புதுப்பலகை செய்ய ஒரு தொட்டிகூட இருந்தது. அங்கே பையன்கள் முதலில் குறிகளைப் பழகினார்கள், பிறகு மரம், நாணல், பானை, ஆடு என்று பெயர்களை வரிசையாக, பிறகு அளவைகளும் வாய்ப்பாடும், மாதிரி ஒப்பந்தங்களும் பழமொழிகளும். அதற்கெல்லாம் அப்புறம்தான் பாட்டு. பிரம்படி வாங்கியதெல்லாம் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் கில்காமேஷை நகலெடுத்த கையும் பார்லி எண்ணிய கையும் ஒன்று என்பதை நீங்கள் எழுதவில்லை.

இனி கிர்சுவுக்கு வாருங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

இன்றைய இராக்கின் தெற்கே தெல்லோ என்ற இடம்தான் அந்தப் பழைய நகரம். உரிம் நகரத்தின் மூன்றாம் அரச மரபு ஆண்ட காலத்தில், அதாவது கி.மு. 2100 முதல் 2000 வரை, அந்த வட்டாரத்தில் அரசு நெசவுக்கூடங்கள் இருந்தன. அவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள். மாதாமாதம் அவர்களுக்குப் படி அளந்த பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. பலகை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும், பெரியது இரண்டு கை வேண்டும். கோடு போட்டுப் பத்தி பிரித்து, ஒவ்வொரு வரியிலும் ஓர் அளவு, ஒரு பெயர். ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி. பெண்ணுக்கு 30, சிலருக்கு 40. சிலா என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். ஆக நாள் முழுக்கத் தறியில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பார்லி. அவள் பெயருக்குக் கீழே அவள் குழந்தைகள், வயதுக்குத் தகுந்தபடி 10, 15, 20 சிலா.

பெயருக்குப் பக்கத்தில் சில சமயம் ஒரு சின்னக் குறி வரும். ஒன்று, இறந்தாள். இன்னொன்று, ஓடிப்போனாள். குழந்தையின் பெயருக்குப் பக்கத்திலும் அந்த முதல் குறி வரும். எல்லாம் முடிந்து அடியில் ‘சுநிகின்’, மொத்தம் என்று ஒரு கூட்டல்.

அடிமைப்பெண்ணுக்கு அவர்களின் சொல் கெமே. அந்தக் குறி எப்படி அமைந்தது என்று பாருங்கள்: பெண் என்ற குறியோடு மலை என்ற குறி. மலை என்றால் அயல்நாடு. சண்டையில் பிடித்துக்கொண்டு வந்த மலைக்காட்டுப் பெண்கள். பலகையின் கடைசி வரியில் தேதி இருக்கும். ஆண்டுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். சுல்கி அரசனின் 44ஆம் ஆண்டுக்குப் பெயர், ‘சிமுர்ரும் ஒன்பதாம் தடவை அழிக்கப்பட்ட ஆண்டு’. சிமுர்ரும் மலையடிவாரத்து ஊர். மேலே பெண்களின் பெயர், கீழே மலை ஊரை அழித்த ஆண்டின் பெயர். ஒரே பலகையில் இரண்டும். எந்தக் காவியத்தில் இதைப் படிப்பீர்கள்?

என் அம்மா ஒரு பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் இருபத்தாறு வருடம் நூல் சுற்றியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆலையை மூடிய பிறகு பணிக்கொடை கேட்டுப் போனால், பதினெட்டு வருடத்துக்குத்தான் ரிக்கார்டு இருக்கிறது என்றார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். நான் போனேன். டைம் ஆபீஸில் மிச்சமிருந்த ஒரு பெரியவர் கோடவுன் சாவியைக் கொடுத்து, “நீயே தேடிக்கோம்மா” என்றார். பழைய மஸ்டர் ரோல்கள், அதாவது வருகைப் பதிவேடுகள், கட்டுக்கட்டாகக் கரையான் அரித்துக் கிடந்தன. மூன்று நாள் தேடினேன்.

இடது ஓரத்தில் டோக்கன் நம்பர், பிறகு பெயர், பிறகு தேதிக்கு ஒரு கட்டம். வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ‘ஆ’. கடைசியில் ஊதா மையில் அம்மாவின் கைநாட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கட்டைவிரல். 1967 பிப்ரவரியில் அம்மாவின் வரிசை முழுக்க ‘பி.லீ.’ என்றிருந்தது. பிரசவ லீவு. மார்ச் ஒன்பதாம் தேதியிலிருந்து மறுபடியும் கோடுகள். லீவு தீருவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டிருக்கிறார். ஓரத்தில் பொடி எழுத்தில், ‘குழந்தை இறப்பு. முன்பணம் ரூ. 15.’

எனக்கு ஒரு தம்பி பிறந்து இறந்தான் என்று பாட்டி எப்போதோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. போட்டோ இல்லை. அவன் இருந்தான் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதினைந்து ரூபாய்தான். கோடவுன் தரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. விட்டுப்போன எட்டு வருடமும் கிடைத்தது, பணமும் கொஞ்சம் வந்தது, அது வேறு கதை.

கணக்கு எழுதியவர்களை நான் புனிதர்களாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கிர்சுவின் எழுத்தன் அந்தப் பெண்கள்மேல் பிரியம் வைத்து எழுதவில்லை. களஞ்சியத்தில் பார்லி குறைந்தால் மேலதிகாரி கேட்பான், அதனால் எழுதினான். பஞ்சாலை குமாஸ்தாவும் பதினைந்து ரூபாயைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமே என்றுதான் எழுதினார். அன்பே இல்லாத ஒருவன் கை மண்ணில் அழுத்தியதால்தான் அந்தப் பெண்கள் நமக்குக் கிடைத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் கிடைத்தார்கள். பாட்டு எழுதியவர்கள் அவர்களைத் தொடவே இல்லை. சுல்கியைப் புகழ்ந்து பாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் அவன் ஓடுகிறான், பாடுகிறான், நீதி சொல்கிறான், தான் எழுத்து கற்றவன் என்றுகூடப் பெருமை அடித்துக்கொள்கிறான். தறியில் நின்று அவனுக்குத் துணி நெய்தவளின் பெயர் படிக்கணக்கில்தான் இருக்கிறது.

என்ஹெடுவன்னாவை நீங்கள் நேசிப்பது எனக்குச் சந்தோஷம். பெயர் தெரிந்த முதல் கவிஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள், நானும் அவரை நேசிக்கிறேன். ஆனால் அவருக்குத் தலை அலங்காரம் செய்தவரின் பெயரும் நமக்குத் தெரியும் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இலும்-பலிலிஸ். அந்த ஆளின் முத்திரை உரிம் நகரத்து இடுகாட்டில் கிடைத்தது. முத்திரையும் கணக்கின் குடும்பம்தான், ஜாடி வாயையும் களஞ்சியக் கதவையும் களிமண்ணால் மூடி அதன்மேல் உருட்டுகிற சின்ன உருளை. அந்தக் கவிஞரை நினைக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அவர் பின்னால் நின்று கூந்தலைப் பிரிக்கிற இரண்டு கைகளும் தெரிகின்றன.

திருத்தங்கள் இரண்டு. பன்னிரண்டு பலகைக் கில்காமேஷ் காவியம் சுமேரிய மொழியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அக்காடிய மொழி, பெரும்பகுதி நினிவேயில் அசீரிய அரசன் அசுர்பனிபாலின் நூலகத்திலிருந்து கிடைத்தது, மிகவும் பிந்தியது. சுமேரிய மொழியில் இருப்பவை கில்காமேஷைப் பற்றிய தனித்தனிக் கதைப்பாடல்கள். அனுன்னாகி என்ற சுமேரியத் தெய்வங்களை வானத்திலிருந்து இறங்கிய வேற்றுலகத்தாராக்குகிற பத்தியை மொத்தமாக எடுத்துவிடுங்கள், அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அப்புறம் மூன்றாம் பக்கத்தில் அந்த ‘வெறும்’. அதை அடித்துவிட்டு மலருக்கு அனுப்புங்கள். நெசவுக்கூடத்துப் படிப்பட்டியல்களின் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துப் பெரிதாக்கி, முதல் வரியிலிருந்து சுநிகின் வரைக்கும் பெயர் பெயராகப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா