கோப்பு முதலில், கணினி பிறகு: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திய பிறகு, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: இருக்கும் இடத்திலேயே இருப்பதா, ஆப்பிளின் மேக்குக்கோ, இலவச இயங்குதளமான லினக்ஸுக்கோ மாறுவதா? அவற்றில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்): என்னுடைய மடிக்கணினி 2016இல் வாங்கியது. நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11க்கு இது தகுதியற்றது என்று திரையில் செய்தி வருகிறது. கட்டுரை எழுதவும், மின்னஞ்சல் பார்க்கவும், வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும் மட்டுமே பயன்படுத்துகிறேன். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, அம்மா. விண்டோஸ் 11 தன்னை நிறுவிக்கொள்ள டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்றும் கேட்கிறது. உங்கள் கணினி அதற்கு முந்தைய காலத்தது என்பதால்தான் அந்தச் செய்தி வருகிறதே தவிர, கணினியில் பழுது எதுவும் இல்லை. இந்த நிபந்தனைகளைச் சுற்றி வளைத்து விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகக் கடைகளில் சொல்வார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. விண்டோஸ் 10க்குத் தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். அது முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம் மட்டுமே.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். 2 ஜி.பி. நினைவகத்திலேயே இயங்கும், 4 ஜி.பி. இருந்தால் தடையின்றி ஓடும். அதை ஒரு பென்டிரைவில் எழுதி, கணினியில் உள்ள எதையும் அழிக்காமல் அந்தப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய நன்மை. வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, உங்கள் பிரின்டர் அச்சிடுகிறதா, தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்ற நான்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒன்று தவறினாலும் நிறுவ வேண்டாம். அதற்கும் முன்பாக, இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளை நிறுவி ஒரு மாதம் அதில் மட்டும் கட்டுரை எழுதிப் பாருங்கள். புதிய வீட்டுக்குப் போகும் முன்பே அந்த வீட்டின் அடுப்பில் சமைத்துப் பழகுவது போன்றது இது. பழைய கட்டுரைகள் எந்த எழுத்துருவில் உள்ளன என்பதையும் கவனியுங்கள். அதற்கு அடுத்த பதில் உதவும்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து அச்சக உரிமையாளர்): இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறிய அச்சகம் நடத்துகிறோம். அழைப்பிதழ், கோவில் மலர், புத்தகம் எல்லாமே பேஜ்மேக்கரில்தான். இரண்டு கணினிகளில் ஒன்று முழுதாகப் பழுதாகிவிட்டது. பக்க வடிவமைப்புக்கு மேக்தான் சிறந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மேக் வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் பேஜ்மேக்கரை மெக்கின்டாஷுக்காகத்தான் முதலில் வெளியிட்டது. ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், அதற்குள் இருந்த, பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், பேஜ்மேக்கரும் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் ஈய எழுத்துக் கோக்கும் வேலை ஒரு மேசைக்குள் அடங்கியது. விண்டோஸுக்கான பேஜ்மேக்கர் 1987இல்தான் வந்தது. ஆனால் இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. 1994இல் ஆல்டஸை வாங்கிய அடோபி, 2001இல் பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பை வெளியிட்டதோடு அதை நிறுத்திக்கொண்டது. அந்தப் பதிப்பு மேக்கின் புதிய இயங்குதளமான மேக் ஓ.எஸ். எக்ஸுக்கு ஏற்றபடி ஒருபோதும் மாற்றி எழுதப்படவில்லை. 2006இல் இன்டெல் செயலிக்கு மாறிய மேக் கணினிகளில் அதை ஓட்ட வழியே இல்லாமல் போயிற்று. மேக்குக்காகப் பிறந்த மென்பொருளை இன்றைய மேக் ஏற்காது. விண்டோஸில் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு செய்தியிலேயே இரண்டு தளங்களின் குணமும் தெரிகிறது. ஆப்பிள் 1994, 2006, 2020 என்று மூன்று முறை செயலியின் இனத்தையே மாற்றியது. 2019இல் வந்த கேட்டலினா என்னும் மேக் இயங்குதளப் பதிப்பில் பழைய 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் கைவிட்டது. பழைய சுமையை இறக்கி வைத்துவிடுவதால்தான் மேக் அவ்வளவு வேகமாகவும் அமைதியாகவும் இயங்குகிறது. விண்டோஸோ இருபது ஆண்டுப் பழைய மென்பொருளையும் கூடுமானவரை சுமந்துகொண்டே வருகிறது. அதன் நெரிசலுக்கும் அதுவே காரணம். எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பழைய வேலையைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் உங்களைப் போன்ற ஒரு தொழிலுக்கு, இப்போதைக்கு விண்டோஸே ஏற்றது.

ஆனால் நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கணினியைப் பற்றியதே அல்ல. அந்த இருபத்திரண்டு ஆண்டுக் கோப்புகளைப் பற்றியது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் தரும் யூனிகோடு முறை பேஜ்மேக்கருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் கோப்புகளில் உள்ளவை உண்மையில் தமிழ் எழுத்துகள் அல்ல. பாமினி எழுத்துருவில் திரையில் 'அம்மா' என்று தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இருக்கும் வரைதான் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் குழப்பம். வேறு நிறுவனத்தின் எழுத்துருவில் அதே 'அம்மா'வுக்கு வேறு குறிகள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் (எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற பொது அட்டவணைகள்) ஏற்கப்பட்டன. பின்னர் 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், யூனிகோடு இயங்காத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அச்சகங்கள் மட்டும் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன.

நான் இதை ஏட்டறிவாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கணினி மாறியபோது, நானூறு பக்க அளவிலான என் குறிப்புகள் ஓர் எழுத்துருவோடு சேர்ந்து முடங்கின. அதை விற்ற சிறு நிறுவனம் அதற்குள் மூடப்பட்டிருந்தது. எந்தக் குறி எந்த எழுத்து என்று கையால் அட்டவணை போட்டு மீட்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று.

எனவே நல்ல நிலையில் இருக்கும் அந்த இரண்டாவது கணினியை முதலில் காப்பாற்றுங்கள். அதிலுள்ள கோப்புகளையும் எழுத்துருக்களையும் தனித்தனியாக இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பி.டி.எஃப். ஒன்று உருவாக்குங்கள், பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு திரும்ப அச்சேறக்கூடிய வேலைகளின் உரையை மட்டும் வெளியே எடுத்து, எழுத்துரு மாற்றியின் வழியாக யூனிகோடாக்குங்கள். தமிழுக்கிடையே ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களை அந்த மாற்றி மென்பொருள் சிதைத்துவிடும். 'கொ', 'கோ' போன்ற இருபுறக் குறி எழுத்துகளிலும் பிழை வரலாம். ஆகவே மெய்ப்புப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சி.எஸ். 6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், அதற்குப் பிந்தையவை திறக்கா என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய வேலைகளை இன்டிசைனிலேயே யூனிகோடில் தொடங்குங்கள். பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். செலவைக் குறைக்க விரும்பினால், 2024இல் வந்த ஸ்கிரைபஸ் 1.6 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள் இலவசம், அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் யூனிகோடு தமிழைச் சரியாக அடுக்கும். உங்கள் வேலையில் பெரும்பகுதி யூனிகோடுக்கு வந்த பிறகு மேக்கைப் பற்றி யோசியுங்கள். அன்று நீங்கள் விரும்பியதை வாங்கலாம். இன்று வாங்கினால் அதில் உங்கள் பழைய கோப்பு ஒன்றைக்கூடத் திறக்க முடியாது.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை): மகன் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். மேக்புக் ஏர் வேண்டும் என்கிறான். விண்டோஸ் லேப்டாப்பைவிட அது உழைக்கும் என்பது உண்மையா?

பதில்: உழைக்கும் என்பதில் ஐயமில்லை. 2020இல் எம்1 சில்லோடு வந்த மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. சூடேறாமல், சத்தமில்லாமல், ஒரு முறை சார்ஜ் செய்தால் கல்லூரி நாள் முழுவதும் தாங்கும். ஆனால் உங்கள் மகனின் பாடத்துக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. இயந்திரப் பொறியியலில் பரவலாகப் பயன்படும் வடிவமைப்பு மென்பொருள்களான சாலிட்வொர்க்ஸும் காட்டியாவும் மேக்கில் நேரடியாக ஓடுவதில்லை. மேட்லாபுக்கும் ஆட்டோகேடுக்கும் மேக் பதிப்பு உண்டு. அன்சிஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும்தான். முன்பு இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் என்னும் ஆப்பிளின் வசதி வழியாக விண்டோஸையே நிறுவிக்கொள்ளலாம். ஆப்பிளின் சொந்தச் சில்லுகளில் அந்த வழி அடைபட்டுவிட்டது. மேக்குக்குள்ளேயே வேறொரு இயங்குதளத்தை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருள் மூலம், அந்தச் சில்லுகளுக்கேற்ற ஆர்ம் வகை விண்டோஸை ஓட்டலாம் என்றாலும், கனமான வடிவமைப்பு மென்பொருளை நம்பி அதில் ஒப்படைக்க முடியாது. துறைத் தலைவரிடம் அடுத்த மூன்றாண்டுப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் மகன் கணினி அறிவியல் படித்திருந்தால் நானே மேக்கைப் பரிந்துரைத்திருப்பேன். ஐபோனுக்கான செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே உண்டு. எதை வாங்கினாலும் 16 ஜி.பி. நினைவகத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். மேக்கில் பிறகு கூட்ட முடியாது. மெல்லிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றிலும் இப்போது அப்படித்தான்.

கேள்வி (சேலத்திலிருந்து கணக்காளர்): டேலியை மேக்கில் பயன்படுத்த முடியுமா?

பதில்: டேலி பிரைம் விண்டோஸுக்கானது. இணைய உலாவி வழியாக வேறொரு கணினியில் ஓடும் டேலியை மேக்கிலிருந்து இயக்கலாம். ஆனால் மாதச் செலவும் இணையத்தைச் சார்ந்திருக்கும் நிலையும் கூடவே வரும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் உங்கள் அன்றாட வேலையில் இருக்கக்கூடும் என்பதால், அலுவலகக் கணினியை மாற்ற வேண்டாம்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகி): விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறி இரண்டு வாரம் ஆகிறது. எந்த விசையும் கைக்கு வரவில்லை. என் வெளி ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் தெரிகின்றன, ஆனால் புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: டிஸ்க் கெடவில்லை. அது விண்டோஸுக்குரிய என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைக்கப்பட்டிருக்கும், மேக் அதைப் படிக்கும், எழுதாது. உள்ளே இருப்பதை முழுவதுமாக வேறிடத்தில் நகல் எடுத்த பிறகு, எக்ஸ்ஃபாட் முறையில் மறுபடி அமைத்தால் (ஃபார்மட் செய்தால்) இரண்டு தளங்களிலும் எழுதலாம். நகலைத் திறந்து சரிபார்க்கும் முன் அமைக்கத் தொடங்காதீர்கள். அந்தச் செயல் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

கைப்பழக்கத்துக்குப் பொறுமைதான் வேண்டும். கன்ட்ரோலுக்குப் பதில் பெரும்பாலும் கமாண்ட் விசை. டிலீட் என்று எழுதியிருப்பது பின்பக்கம் அழிக்கும். முன்பக்கம் அழிக்க எஃப்.என். விசையைச் சேர்த்து அழுத்துங்கள். சிவப்புப் பொத்தான் சாளரத்தை மூடுமே தவிர மென்பொருளை நிறுத்தாது. நிறுத்த கமாண்டும் கியூவும். கோப்பை வெட்டி ஒட்டும் வழக்கம் இங்கே வேறு: முதலில் நகலெடுத்து, ஒட்டும்போது ஆப்ஷன் விசையைச் சேர்த்தால் கோப்பு இடம் மாறும். தமிழுக்கு அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரண்டு முறைகளும் மேக்கிலேயே உள்ளன. தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து பள்ளி அறக்கட்டளைச் செயலாளர்): எங்கள் நாற்பது கணினிகளையும் கோடை விடுமுறையில் ஒரே மூச்சில் லினக்ஸுக்கு மாற்றத் திட்டமிடுகிறோம். சரிதானா?

பதில்: நோக்கம் மிகச் சரி; கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி கற்பிக்கின்றன. 'ஒரே மூச்சில்' என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடிக்க 2013 ஆயிற்று. துறைதோறும் தனித்தனியாக வளர்ந்திருந்த படிவங்களையும், ஆவணங்களுக்குள் எழுதப்பட்ட சிறு தானியங்கு நிரல்களான மேக்ரோக்களையும் ஒழுங்குபடுத்துவது பெரும் பாடாக இருந்தது. அதன் பின்னும் 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. பிரான்சின் ழாந்தார்மரி காவல் படை வேறு வழியில் சென்றது. 2005இல் விண்டோஸை விட்டுவிடாமலே ஓபன் ஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளுக்கு மாறியது. அடுத்து ஃபயர்பாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும் வந்தன. அவற்றில் எல்லாரும் பழகிய பிறகு, 2008இலிருந்துதான் அடியில் இருந்த விண்டோஸை உபுண்டு என்னும் லினக்ஸாக மாற்றத் தொடங்கியது. அந்தப் படை இன்றும் லினக்ஸில்தான் இருக்கிறது.

உங்கள் பள்ளியில் இந்தக் கோடையில் ஆசிரியர்களின் வினாத்தாள்களை யூனிகோடாக்குங்கள். நாற்பது கணினிகளிலும் விண்டோஸின் மேலேயே லிப்ரே ஆபிஸை நிறுவுங்கள். ஓராண்டு அதில் வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் தயாராகட்டும். அடுத்த கோடையில் ஆய்வகத்தின் பத்துக் கணினிகளை மட்டும் மாற்றுங்கள். கட்டண வசூல் மென்பொருள் ஓடும் அலுவலகக் கணினியைக் கடைசிவரை தொட வேண்டாம்.