போர் ஆழம் வேறு, பம்ப் ஹெட் வேறு

கேள்வி: போர் (ஆழ்துளைக் கிணறு) 300 அடி. மோட்டார் 260 அடியில் தொங்குகிறது. கோடையில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் 180 அடியில் நிற்கும். அங்கிருந்து 400 அடி தள்ளி, 15 அடி உயரத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பைப் 2 இஞ்ச். புது சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப்) வாங்கப் போனால் ‘ஹெட் எவ்வளவு?’ என்கிறார்கள். 300 அடி என்று சொல்லலாமா?

பதில்: சொல்லிவிடாதீர்கள். ஹெட் என்பது பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம், மீட்டரில் சொல்வார்கள். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் தொங்கினாலும், அதற்கு மேலே நிற்கும் தண்ணீரின் மட்டம் வரை பைப்புக்குள்ளும் தண்ணீர் தானாகவே ஏறிவிடும். பம்ப் தூக்குவது அந்த மட்டத்துக்கு மேலேதான். அதுவும் மோட்டார் ஓடும்போது இறங்கி நிற்கும் மட்டம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்முன் இருப்பது அல்ல.

உங்கள் 180 அடி 55 மீட்டர். தொட்டிக்கு 5. அடுத்து பைப் உராய்வு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். போருக்குள் 260, வெளியே 400, ஆக 660 அடி, அதாவது 200 மீட்டர். 2 இஞ்ச் பைப்பில் விநாடிக்கு 3 லிட்டர் ஓடினால் 100 மீட்டருக்குச் சுமார் 5 மீட்டர் ஹெட் வீணாகும். பெண்டு, வால்வு சேர்த்து 12 வையுங்கள். மொத்தம் 72 மீட்டர். விலை குறைவு என்று ஒன்றரை இஞ்ச் பைப் போட்டால் அந்த உராய்வு மூன்று, நான்கு மடங்காகிவிடும், தயவுசெய்து போடாதீர்கள்.

கடையில், “72 மீட்டர் ஹெட்டில் விநாடிக்கு 3 லிட்டர் வேண்டும்” என்று கேளுங்கள். நல்ல 5 எச்பி போதும். நேம் பிளேட்டில் ‘மேக்ஸ் ஹெட்’ என்றிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே விழாது. டூட்டி பாயிண்ட், அதாவது பம்ப் நன்றாக ஓடும் ஹெட், 72-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

300 அடி என்று சொன்னால் கூடுதல் ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) உள்ள, 110 மீட்டருக்கான பம்பைத் தருவார்கள். அது 72 மீட்டரில் ஓடும்போது அளவுக்கு மேல் தண்ணீர் இழுக்கும். ஆம்ப்ஸ் ஏறி காயில் கருகும். போர் ஊற்று ஈடுகொடுக்காவிட்டால் மோட்டார் காற்றை இழுத்து புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேயும்.

தொட்டி இல்லாமல் நேராகச் சொட்டுநீர் என்றால் கணக்கு மாறும். ஒரு கிலோ பிரஷர் 10 மீட்டர் ஹெட். பில்டர் முன்னால் 2 கிலோ வேண்டுமென்றால், தொட்டியின் 5-ஐக் கழித்து 20 கூட்டுங்கள்: 87 மீட்டர். அதே 3 லிட்டருக்கு 5 எச்பி இழுக்காது, 7.5 பார்க்க வேண்டும்.