ரியலைஸ்: உணர்வதும் உறைப்பதும்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் அருகே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘ரியலைஸ்’ என்ற சொல்லுக்கு ‘உணர்தல்’ என்றே பொருள் சொல்லிவருகிறேன். பாபநாசத்தில் குளித்ததைப் பற்றி எழுதிய மாணவி, தண்ணீரின் குளிர்ச்சியை உணர்ந்தேன் என்பதற்கு ‘ஐ ரியலைஸ்ட் தி கோல்ட்’ என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று தெரிகிறது. காரணம் சொல்ல வரவில்லை. வங்கியில் ‘செக் ரியலைஸ் ஆகிவிட்டது’ என்பதும் இதே சொல்தானா? எழுதும்போது எஸ் போடுவதா, இசட் போடுவதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

குளிரையும் உணர்கிறோம், பசியையும் உணர்கிறோம், செய்த பிழையையும் உணர்கிறோம். ‘உணர்தல்’ அவ்வளவு அகலமான சொல். ஆங்கிலத்தில் முதல் இரண்டும் ‘ஃபீல்’, மூன்றாவதுதான் ‘ரியலைஸ்’. ஓர் உண்மை மனத்துக்குத் தெளிவாவதையே அது குறிக்கிறது என்பதால், பெரும்பாலும் அதன் பின்னால் ‘தட்’ என்று தொடங்கும் முழு வாக்கியம் ஒன்று வருகிறது.

ஆலங்குளம் போக வேண்டியவர் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் அவசரமாக அம்பாசமுத்திரம் வண்டியில் ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு கடைப் பலகையில் ‘சேரன்மகாதேவி’ என்ற பெயர் கண்ணில் படுகிறது, அது ‘நோட்டிஸ்’. பார்த்த பிறகும் அவர் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடும். பிறகு, வண்டி மாறி ஏறிவிட்டோம் என்று சட்டென்று உறைக்கிறதே, அதுதான் ‘ரியலைஸ்’. பக்கத்து இருக்கைக்காரர் தம்மோடு படித்தவர் என்று அடையாளம் தெரிந்தால் அது ‘ரெகக்னைஸ்’.

நம் பக்கத்தில் ‘அப்பத்தான் எனக்கு உறைச்சுது’ என்று சொல்வதைவிட நெருக்கமான தமிழ் இதற்கு இல்லை என்பது என் எண்ணம். அமைப்பு மட்டும் மாறும்: தமிழில் உறைப்பதும் புரிவதும் ‘எனக்கு’ நிகழ்பவை, ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுவாயாக நிற்க வேண்டும்.

வகுப்பில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள். ‘பள்ளி விடுமுறை என்பதை அவன் ரியலைஸ் செய்தான்’ என்றாலும், ‘செய்யவில்லை’ என்றாலும், விடுமுறை என்னவோ உண்மைதான். அதற்கு எழுதுபவரே பொறுப்பேற்கிறார். அவன் தவறாக எண்ணியிருந்தால் ‘திங்க்’ என்றுதான் எழுத வேண்டும். நிபந்தனை வாக்கியத்தில் இது தளரும். ‘குடையை மறந்துவிட்டேன் என்று வழியில் எனக்கு உறைத்தால் திரும்பி வருவேன்’ என்னும்போது, குடையை மறந்தேனா என்பது உறுதியில்லை. மொழியியலாளர் லவுரி கார்ட்டுனென் 1971-இல் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார்.

வங்கியில் வழங்குவதும் இதே சொல்தான். சொல்லப்போனால், மூத்த பொருளுக்கு அதுவே நெருக்கம். ‘ரியல்’ என்பதிலிருந்து மெய்யாக்குதல் என்ற பொருளில் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கி, பிறகு சொத்தைப் பணமாக்குவதற்கும் ஆகிவந்தது. மனத்தில் தெளிவாதல் என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. கனவை நனவாக்குவதற்கு இன்றும் இச்சொல்லை ஆள்வது அந்தப் பழைய வழியில்தான்.

எழுத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கர்கள் இசட் போடுகிறார்கள். பிரிட்டனில் எஸ் மிகுதி என்றாலும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இசட்டுக்கே முதலிடம் தருகிறது. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதவரை மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.