மூன்றாவது முறையும் மருத்துவ நுழைவுத் தேர்வா, சார்?

போன வாரம் நேரில் சொல்லத் தயங்கியதை எழுதிவிடுகிறேன் சார். பெண் இரண்டு முறை எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை, மூன்றாவது வருடம் கோச்சிங் போடலாமா, கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். உங்கள் பெண் அதில் ஒரு வார்த்தைகூடச் சேர்ந்து பேசவில்லை. ஆனால் அக்காவின் குறைமாதக் குழந்தையைப் பற்றிக் கேட்டதும் பத்து நிமிடம் விடாமல் பேசினாள். "பால் குடிக்கும்போது மூச்சு விடவே மறந்துடும் சார், மானிட்டர் கத்தும். அந்த நர்ஸ் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, நடுநடுவுல புட்டியைச் சாய்ச்சு நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாங்க, சரியாயிடுச்சு." படிக்க விருப்பமில்லாத பிள்ளை பேசுகிற பேச்சா இது?

அவள் பார்த்தது ஒரு துறை, குறைமாதக் குழந்தை பால் குடிப்பதை ஆராய்கிற நர்ஸிங் துறை. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் வரிசை குழந்தைக்கு ஏறக்குறைய 34 வாரக் கர்ப்பகாலம் தாண்டித்தான் படியத் தொடங்கும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சுப்பாதை ஒரு நொடி மூடித் திறக்க வேண்டும், அதில் பிசகினால் புரை ஏறும், ஆக்சிஜன் இறங்கும். பக்கத்திலேயே நின்று இதைப் பார்க்கிறவர் நர்ஸ்தான், அதனால் இங்கே நல்ல கேள்விகள் பல அவர்களிடமிருந்தே வந்திருக்கின்றன. புட்டியில் குடிப்பதுதான் குறைமாதக் குழந்தைக்குச் சுலபம் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், தாய்ப்பால் குடிக்கும்போதுதான் ஆக்சிஜன் நிலையாக இருக்கிறது என்று 1988இல் அளந்து காட்டிய பாலா மயர் ஒரு நர்ஸ். பால் புட்டி நிப்பிள்களில் பால் வரும் வேகத்தை அளந்து, 'ஸ்லோ' என்று பெயர் போட்டவற்றுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்று காட்டிய பிரிட் பேடோஸும் நர்ஸ்தான். (கடையில் அந்த எழுத்தை நம்பித்தானே நாமெல்லாம் வாங்குகிறோம்!)

அந்த ஆராய்ச்சிக்குப் போகும் வழி நீளம்தான். நர்ஸிங் பட்டம், அப்புறம் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வருடம், முதுகலை, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டம். அந்த வார்டு வருடங்களைத் தாண்டிக் குதிக்க விடாதீர்கள், குழந்தையின் முகம் பார்த்துப் படிக்கத் தெரியாதவர் எதை ஆராய்வார்? நைட் டூட்டி உண்டு, ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இருக்காது. அதை மறைக்க மாட்டேன்.

பண விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். வீட்டை அடமானம் வைத்து மருத்துவ இடம் வாங்காதீர்கள். நர்ஸிங் கல்லூரியிலும் நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு பைசா கட்டாதீர்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோ சம்பளத்தோடு விடுப்போ கிடைக்காவிட்டால் காத்திருக்கட்டும், அதற்கெல்லாம் கடன் வேண்டாம்.

"நர்ஸா?" என்று முகம் சுளிக்கிற உங்கள் அண்ணன் கோச்சிங் ஃபீஸில் எவ்வளவு கட்டினார் என்று கேட்டேன், நீங்கள் பதில் சொல்லவில்லை. சரி, விடுங்கள். அடுத்த முறை அவளைத் தனியாக அனுப்புங்கள், மதிப்பெண் பட்டியலோடு வரட்டும், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடுவோம்.