செவரன்ஸ்: கதவுக்கு அந்தப் பக்கம் ஜெம்மா

வணக்கம் சார்,

செவரன்ஸ்ங்கற ஆப்பிள் டிவி சீரிஸோட ரெண்டாவது சீசன் ஃபினாலே பாத்துட்டு தூக்கமே வரல, அதான் எழுதறேன். மொத சீசன் முடிஞ்சது 2022 ஏப்ரல், அடுத்தது ஆரம்பிச்சது 2025 ஜனவரி. அத்தன நாள் நான் காத்திருந்ததே மார்க் எப்படியாச்சும், செத்துட்டான்னு நெனச்ச அவன் பொண்டாட்டி ஜெம்மாவ லூமன் ஆபீஸ்லேந்து வெளிய கூட்டிட்டு வந்துருவான்னு தான். கூட்டிட்டும் வந்தான், கதவு வரைக்கும். அப்பறம் அவ கதவத் தட்டித் தட்டிக் கதறறா, இவன் கூட வேலை பாக்கற ஹெல்லி கையப் புடிச்சுகிட்டு ஓடறான். அவ்ளோ கோவம் வந்துச்சு. ஆனா ரெண்டு நாள்ல அதே எபிசோட மூணு தடவ பாத்துட்டேன். இது நெஜமாவே நல்ல முடிவா, இல்ல மூணாவது சீசனுக்காக நம்மள இழுத்தடிக்கறாங்களா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

*

வணக்கம்ங்க,

சீரிஸ இன்னும் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, எல்லாத்தையும் சொல்லப் போறேன்.

அந்தக் கடைசி நிமிஷத்துல எனக்கும் வயித்தப் பெசஞ்சுது. ஆனா நீங்க கோவப்படற எடத்துல எனக்குக் கோவம் இல்ல, எனக்குக் கோவம் வேற எடத்துல.

மொதல்ல அந்த கேம்கார்டர் சீன திரும்பப் பாருங்க. லூமன் கம்பெனி மூளைக்குள்ள ஒரு சிப்ப வெச்சு ஒரே ஆள ஆபீஸ்ல ஒருத்தன், வெளிய ஒருத்தன்னு ரெண்டா அறுத்துருது, இவனுக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது, அவனுக்கு நடந்தது இவனுக்குத் தெரியாது. அந்த ரெண்டு மார்க்கும் மொத தடவயா பேசிக்கறாங்க, ராத்திரில, ஒரு கேபின்ல, வீடியோ எடுத்து வெச்சுட்டு வாசலத் தாண்டினா மத்தவன் முழிச்சுக்கறான், அவன் பாத்துட்டு பதில் எடுத்து வெக்கறான். வெளி மார்க் நல்லவனா தான் ஆரம்பிக்கறான். மன்னிப்பு கேக்கறான். என் பொண்டாட்டிய காப்பாத்திக் குடு, அப்பறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணாயிடலாம்ங்கறான். உள் மார்க் அதுல ஓட்டை கண்டுபுடிக்கறான்: ஒண்ணா சேந்தா நான் வாழ்ந்த கொஞ்ச நாள் நீ வாழ்ந்த அத்தன வருஷத்துக்குள்ள கரஞ்சு போயிடாதா? அவன் உயிரா நெனைக்கற ஹெல்லி பேரக் கூட வெளி மார்க் தப்பா, ஹெலெனின்னு சொல்றான். எனக்கு அந்த எடத்துலயே தெரிஞ்சு போச்சு. பேர் கூட தெரியாத ஒருத்தன் உன் உயிரக் குடுன்னு கேட்டா யாரு குடுப்பா?

நாம ரெண்டு சீசனா மார்க்னு நெனச்சு ஏங்கினது வெளி மார்க்குக்காக. கடைசில கதவுகிட்ட நிக்கறது அவன் இல்லீங்க. இவனுக்கு ஜெம்மா பொண்டாட்டி கெடையாது, அவன் பாத்தது மிஸ் கேஸிய, அதாவது ஆபீஸ்ல இருந்த உள் ஜெம்மாவ மட்டும் தான். லிஃப்ட் சீன் ஞாபகம் இருக்கா? புருஷனும் பொண்டாட்டியும் கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்துட்டே மேல வராங்க, பாதி வழில ரெண்டு பேருமே மாறிடறாங்க, ஒதடு ஒட்டியிருக்கு, ஆனா இப்ப அது முன்னபின்ன பெருசா பழக்கமில்லாத ரெண்டு பேரு. ஒரு வார்த்தை வசனம் இல்லாம கடைசி முடிவ அங்கயே சொல்லிட்டாங்க. அந்தக் கதவத் தாண்டினா இவன் திரும்பி வர வாய்ப்பே இல்ல, அதாவது சாவு. இருந்தும் அவள வெளிய அனுப்பிட்டு தான் திரும்பறான். அத துரோகம்னு எனக்குச் சொல்ல வாய் வரல.

இழுத்தடிக்கறாங்களான்னு கேட்டீங்க. மொத சீசன் முடிவு தான் அப்படி, “அவ உயிரோட இருக்கா!”ன்னு மார்க் கத்தறப்பவே கட் பண்ணிட்டாங்க. இங்க அவன் முடிவு எடுத்துட்டான், முழுசா. மூணாவது சீசன் வரலன்னா கூட இந்த முடிவு நிக்கும் (வருதுன்னு ஃபினாலே வந்த கையோட சொல்லிட்டாங்க).

இப்ப என் கோவம். ரெண்டாவது சீசன் மூணாவது எபிசோட்ல, முன்னாடி லூமன்ல இருந்த டாக்டர் ரெகாபி மார்க்குக்கு ரீஇன்டக்ரேஷன் ஆரம்பிக்கறாங்க, ரெண்டு நினைவையும் சேக்கற வேலை, அவன் உயிருக்கே ஆபத்து. ஏழாவது எபிசோட்ல ரெகாபி கெளம்பிப் போறாங்க, அதோட சரி. ஃபினாலேல அது வெறும் பேச்சா மட்டும் வருது. ஏன்னா அது கொஞ்சம் வேலை செஞ்சிருந்தா கூட கதவுகிட்ட நிக்கறவனுக்கு ஜெம்மா யாருன்னு லேசா தெரிஞ்சிருக்கும், அந்த முடிவு இவ்ளோ சுத்தமா வந்திருக்காது. தெரிஞ்சிருந்தா இன்னும் வலிச்சிருக்கும், அந்த வலிய எழுத அவங்க துணிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது ஜெம்மா. ஷோவோட ஒளிப்பதிவாளர் ஜெசிக்கா லீ கன்யே மொத தடவயா டைரக்ட் பண்ண அந்த ஏழாவது எபிசோட் இல்லன்னா அவ யாருன்னே நமக்குத் தெரியாது. லூமன் அவள வெச்சு சோதனை பண்ற கோல்ட் ஹார்பர் ரூம்ல அவ தொட்டில கழட்டறா பாருங்க, ஒவ்வொரு ஸ்க்ரூவா, மூஞ்சில ஒண்ணுமே இல்லாம. பொறக்காத அவங்க கொழந்தைக்கு வாங்கின தொட்டில் மாதிரியே ஒண்ணு. வீட்டுல அத மார்க் கழட்டினப்ப எப்படி இருந்துச்சுன்னு நாம பாத்திருக்கோம், அந்த ரூம்ல எதுவும் ஞாபகம் இல்லாத இவளுக்கு அது சும்மா மரக்கட்டை. எனக்கு அங்க தான் தொண்டை அடைச்சுது. இருபத்தஞ்சு ரூம்ல, ஒவ்வொண்ணுலயும் ஒரு தனி ஆளா, அவ பட்டதுக்கெல்லாம் ஃபினாலேல அவளுக்குன்னு ஒரு முடிவு எடுக்க எடமே இல்ல. ஒருத்தன் கூப்பிட்டா வரா, தள்ளினா போறா, கடைசில கதவத் தட்டறா. நீங்க மார்க் மேல கோவப்படறது நெஜமா இவளுக்காகத் தான்னு எனக்குத் தோணுது. அந்தக் கோவம் நியாயம், ஆனா எழுதினவங்க மேல வரணும், உள் மார்க் மேல இல்ல.

அடுத்த சீசன் மொத சீன் அந்தக் கதவுக்கு வெளிய இருக்கற படிக்கட்டுலயே, ஜெம்மாவோட ஆரம்பிக்கணும்னு எனக்கு ஆசை. தட்டறத அவ எப்ப நிறுத்தினா, நிறுத்திட்டு எந்தப் பக்கம் போனான்னு பாக்கணும்.

அன்புடன்.