இதயத்தில் ‘பிளாக்’ என்றால் அடைபட்டிருப்பது எது?

களியக்காவிளையிலிருந்து எழுதியிருக்கும் வாசகரின் 72 வயதுத் தாயார் இரண்டு முறை தலைசுற்றி விழுந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் எடுத்த இ.சி.ஜி.யில் ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், துடிப்பு 38’ என்று குறித்து, டி.டி.டி.ஆர். வகைப் பேஸ்மேக்கர் (இதயத்தை மின்துடிப்பால் துடிக்கச் செய்யும் கருவி) வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிளாக் என்றால் இரத்தக்குழாய் அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைத்தால் போதாதா, விலை குறைந்த வி.வி.ஐ. பேஸ்மேக்கரையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

உங்கள் தாயாருக்குத் தடைபட்டிருப்பது இரத்தக்குழாய் அல்ல, மின்துடிப்பு செல்லும் பாதை. மார்த்தாண்டத்திலும் சரி, பாறசாலையிலும் சரி, இரண்டையும் ‘பிளாக்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம். வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது, அது மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் ஏ.வி. கணுவில் சற்றே தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்த இணைப்பு முற்றிலும் அறுந்துவிட்டால், மேலறைகள் தம் வேகத்தில் துடித்துக்கொண்டிருக்க, கீழறைகள் தமக்குள்ளேயே இருக்கும் மெதுவான வேறொரு மையத்தை நம்பித் துடிக்கின்றன. மாரடைப்பின்போதும் இந்த நிலை வரலாம் என்பதால் மருத்துவர்கள் அதையும் சோதிப்பார்கள். ஆனால் மின்பாதையே தேய்ந்துபோன முதியவருக்கு ஸ்டென்ட்டால் பயன் இல்லை.

இதை இ.சி.ஜி. தாளிலேயே நீங்கள் பார்க்கலாம். வழக்கமாகத் தாள் நொடிக்கு 25 மி.மீ. நகரும், ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.2 நொடி. தாழ்ந்த மேடாகத் தெரியும் ‘பி’ அலை மேலறைகளுக்கு உரியது. கூர்மையாக எழும் ‘கியூ.ஆர்.எஸ்.’ கீழறைகளுக்கு உரியது. அடுத்தடுத்த இரண்டு ‘ஆர்’ முனைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களை எண்ணி, 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் துடிப்பு வேகம் கிடைக்கும். 38 என்று எழுதியிருப்பதால் உங்கள் தாளில் ஏறத்தாழ எட்டுக் கட்டங்கள் இருக்க வேண்டும். இனி ‘பி’ அலைகளுக்கு இடையே எண்ணுங்கள். அங்கே நான்கு கட்டங்கள் இருந்தால் மேலறைகள் 75 வேகத்தில் துடிக்கின்றன என்று பொருள். ‘பி’ அலையின் தொடக்கத்திலிருந்து கியூ.ஆர்.எஸ். தொடங்கும் வரையிலான இடைவெளி இயல்பாக 0.12 முதல் 0.20 நொடி வரை இருக்கும். முழு பிளாக்கிலோ அது ஒவ்வொரு துடிப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும், சில ‘பி’ அலைகள் மற்ற அலைகளுக்குள் புதைந்தும் போகும்.

பிளாக்கில் மூன்று நிலைகள் உண்டு, உங்கள் தாயாருக்கு வந்திருக்கும் முழு பிளாக் மூன்றாவது. முதல்நிலை பிளாக்கில் ‘பி’ அலைக்கும் கியூ.ஆர்.எஸ்.ஸுக்கும் இடையிலான அந்த இடைவெளி நீள்வதோடு சரி, ஒவ்வொரு துடிப்பும் கீழே போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு மட்டும் என்று பேஸ்மேக்கர் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டாம் நிலையில் சில துடிப்புகள் இடையில் விடுபடும். இடைவெளி படிப்படியாக நீண்டு விடுபடுவதைவிட, முன்னறிகுறியே இல்லாமல் விடுபடுவது அதிக ஆபத்தானது.

பேஸ்மேக்கருக்குச் சம்மதிக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். தாயார் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மெட்டோபுரோலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்றவை துடிப்பைக் குறைக்கும். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் குறைக்கும். சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால்தான் அதைத் தனியாகச் சொல்கிறேன். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தாலும் பிளாக் வரும். இப்படிச் சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லையென்றால், மயங்கி விழுந்தவருக்குப் பேஸ்மேக்கர்தான் வழி, தள்ளிப்போடக் கூடாது.

டி.டி.டி.ஆர்., வி.வி.ஐ. என்று பேஸ்மேக்கர் வகைகளைக் குறிக்கும் எழுத்துகளில் முதலாவது எந்த அறையைத் தூண்டுகிறது என்பதையும், இரண்டாவது எந்த அறையின் துடிப்பைக் கவனிக்கிறது என்பதையும், மூன்றாவது அதற்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்பதையும் குறிக்கும். ‘ஏ’ மேலறை, ‘வி’ கீழறை, ‘டி’ இரண்டும். ஆகவே வி.வி.ஐ. கீழறையை மட்டும் பார்த்து, அங்கே இயல்பான துடிப்பு வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். டி.டி.டி. மேலறையின் துடிப்பைக் கேட்டு, உரிய நேரத்தில் கீழறையைத் துடிக்கச் செய்யும். இறுதியில் வரும் ‘ஆர்’, நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் வேகத்தைக் கூட்டும் வசதி. ‘பி’ அலைகள் சீராக இருக்கும் ஒருவருக்கு வி.வி.ஐ. வைத்தால், மேலறையும் கீழறையும் ஒத்துப்போகாமல் களைப்பும் தலைசுற்றலும் சிலருக்குத் தொடரும். எனவே அவர்கள் சொன்ன டி.டி.டி.ஆர். எனக்குச் சரியாகவே படுகிறது. மேலறை நிரந்தரமாக ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் உள்ளவருக்கும், படுத்த படுக்கையாக மிகத் தளர்ந்துவிட்டவருக்கும் வி.வி.ஐ. போதும். உங்கள் தாயார் இந்த இரண்டு நிலைகளில் எதிலாவது இருக்கிறாரா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாவது, நாளடைவில் மங்கிவிடும். இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். தமிழக-கேரள எல்லையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், சுருக்க அறிக்கையை மட்டும் அல்லாமல் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். பேஸ்மேக்கர் வைப்பதற்குள் தாயார் மறுபடி மயங்கினால், நேரம் குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். இரு மாநிலங்களிலும் அதே எண்தான்.